மூன்று தசம இடம் காட்டும் மலிவு டிஜிட்டல் தராசு: ரீலோடிங் மேசைக்குச் சரிப்படுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற, 0.001 கிராம் வரை காட்டுகிற இந்த மலிவு டிஜிட்டல் தராசை மட்டும் நம்பித் தோட்டா ரீலோடிங்கில், அதாவது சுட்டு முடிந்த கூட்டில் மறுபடி வெடிமருந்துப் பவுடரும் புல்லட்டும் (பறந்து போகிற குண்டு) போட்டுத் தோட்டா செய்கிற வேலையில், இறங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு நல்ல பீம் தராசு (கோலில் எடையை நகர்த்திச் சமன்செய்து பார்க்கிற பழைய வகை) வைத்திருப்பவர் இதை இரண்டாவது தராசாக, சரிபார்க்க மட்டும் வாங்கினால் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன். ஒரே தராசுதான் வாங்க முடியும் என்றால் அது இதுவாக இருக்க வேண்டாம்.

வீட்டில் தோட்டா ரீலோட் செய்வது எல்லா நாட்டிலும் அனுமதி உள்ள வேலை இல்லை. பல இடங்களில் தனி உரிமம் வேண்டும், சில இடங்களில் அறவே கூடாது. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். எந்தத் தோட்டாவுக்கு எந்தப் பவுடர், எத்தனை கிரெய்ன் (பவுடர் நிறுக்கிற சின்ன எடை அலகு) என்கிற கணக்கும் இங்கே கிடைக்காது. அதைப் பவுடர் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் கையேட்டில் இருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும், முகம் தெரியாதவர் இணையத்தில் எழுதியதில் இருந்து எடுக்கக் கூடாது, நான் எழுதியதும் அதில் சேர்த்தி.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? தராசு, அதை மூடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி, ஒரு சின்ன உலோகத் தட்டு, ஒரு பிளாஸ்டிக் இடுக்கி, 20 கிராம் என்று பொறித்த ஒரு எடைக்கல், இரண்டு பேட்டரி. இதே உருவத்தில் வெவ்வேறு பெயர் ஒட்டிப் பலர் விற்கிறார்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு மாதிரிதான் தெரிகிறது, அதனால் நான் வாங்கியது எந்தப் பெயர் என்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. திரை பளிச்சென்று இருக்கிறது, எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, பொத்தான்கள் கொஞ்சம் லூசு. தட்டுக்கு மூக்கு இல்லை, அதாவது பவுடரைக் கேஸுக்குள் (தோட்டாவின் உலோகக் கூடு) கொட்ட ஒரு ஓரம் குவிந்திருக்க வேண்டுமே, அது கிடையாது. ரீலோடிங்குக்கென்று விற்கிற பவுடர் தட்டு ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். கூடவே வருகிற தட்டில் இருந்து கொட்டினால் பாதி மேசைக்குத்தான் போகும்.

எதை அளக்கிறோம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தராசுக்கு மார்க் போட முடியும். ரீலோடிங்கில் எல்லாமே கிரெய்ன் கணக்கு. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஒரு கிரெய்ன் 64.79891 மில்லிகிராம், ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். கையேடுகளில் அளவு 0.1 கிரெய்ன் வரை கொடுத்திருப்பார்கள், அது கிட்டத்தட்ட ஆறரை மில்லிகிராம். ஆக தராசு நமக்கு நம்பிச் சொல்ல வேண்டியது அந்த ஆறரை மில்லிகிராமைத்தான். 0.01 கிராம் வரை மட்டும் காட்டுகிற தராசுகள் இருக்கின்றன பாருங்கள், அவை இந்த வேலைக்கு அடியோடு உதவாது, ஏனென்றால் அதில் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே 0.15 கிரெய்ன் போய்விடுகிறது. பெரிய ரைஃபிள் கேஸில் 40 கிரெய்ன் போடுகிறவருக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 4 கிரெய்ன் போடுகிறவருக்கு அதுவே கிட்டத்தட்ட 4 சதவீதம். சின்ன அளவு போடுகிறவர்தான் நல்ல தராசு வாங்க வேண்டும், ஆனால் நான் பார்த்த வரையில் நடப்பது தலைகீழ். ரைஃபிள்காரர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள், பிஸ்டல்காரர்கள் சமையலறைத் தராசு போதுமா என்று கேட்கிறார்கள்.

இந்தத் தராசு 0.001 கிராம் காட்டுகிறது, அதாவது 0.015 கிரெய்ன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டுவது ஒன்று, சரியாகக் காட்டுவது வேறு. ஒரே எடைக்கல்லை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பார்த்தால் கடைசி இலக்கம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கிறது, இரண்டு மூன்று மில்லிகிராம் ஆட்டம் சாதாரணம். மூன்று மில்லிகிராம் என்றால் 0.05 கிரெய்னுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவரைக்கும் எனக்குப் புகார் இல்லை. தட்டின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தால் இன்னும் கொஞ்சம் விலகுகிறது, அதனால் தட்டை எப்போதும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால், மூன்றாவது தசம இடத்தில் அந்த இரண்டு மூன்று ஆட்டம் இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு எண்ணை ஓரளவு நம்பலாம்.

பெரிய குறை நகர்வு. இந்த வகைத் தராசுக்குள் இருப்பது ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய ஒரு சின்ன உலோகத் துண்டு. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, வளைவுக்கு ஏற்ப மின்தடை மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் எடையாகக் காட்டுகிறது. சூடு மாறினாலும் அதே உலோகம் நீளும், அதே மின்தடை மாறும். போட்ட உடனே அளக்க ஆரம்பித்தால் பூஜ்யம் மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். கால் மணி, அரை மணி நேரம் போட்டு வைத்துவிட்டு ஆரம்பித்தால் நன்றாக அடங்குகிறது. ஆனால் இந்தத் தராசை அப்படிப் போட்டு வைக்க விட மாட்டார்கள், ஏனென்றால் சும்மா இருந்தால் ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார்களாம்! இதை நிறுத்தி வைக்கவும் வழி இல்லை.

எரிச்சல் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாத விஷயம் இது. தட்டில் பவுடர் இருக்கும்போது நீங்கள் கேஸைத் தேடவோ கையேட்டைப் புரட்டவோ திரும்புகிறீர்கள், தராசு அணைகிறது, மறுபடி பொத்தானை அழுத்துகிறீர்கள், அது தட்டையும் பவுடரையும் சேர்த்துப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. திரையில் சுத்தமான 0.000. அதற்கு மேல் நீங்கள் போடுகிற ஒவ்வொரு கிரெய்னும் இரண்டாவது சார்ஜ் (ஒரு தோட்டாவுக்குப் போடுகிற பவுடர் அளவு). இதைத் தடுக்க ஒரு எளிய வழக்கம் இருக்கிறது, டிஜிட்டல் தராசு எதுவானாலும் செய்யலாம். காலித் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கியதும் தட்டைத் தூக்குங்கள். திரை ஒரு கழித்தல் எண்ணைக் காட்டும், அதுதான் தட்டின் எடை. அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு சார்ஜுக்கும் தட்டை எப்படியும் தூக்கத்தான் போகிறீர்கள், தூக்கும்போதெல்லாம் அந்தக் கழித்தல் எண் அப்படியே இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். மாறியிருந்தால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது, அல்லது தராசு அணைந்து எழுந்திருக்கிறது, அல்லது தட்டின் மூலையில் பவுடர் ஒட்டியிருக்கிறது. மூன்றில் எது என்றாலும் அந்தச் சார்ஜைத் திரும்பக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்புறம் டிரிக்ளிங். இலக்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை டிரிக்ளர் என்கிற சின்னக் கருவியைத் திருகி ஒவ்வொரு மணியாக உதிர்ப்பது ரீலோடிங்கில் எல்லாரும் செய்வது. இந்தத் தராசில் அதைச் செய்யாதீர்கள். மெதுவாக விழுகிற பவுடரை இது கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு மணியாக விழும்போது எண் அப்படியே நிற்கும், நிற்கும், திடீரென்று தாண்டிக் குதிக்கும், அதற்குள் அளவு மீறியிருக்கும். தராசு பழுதாகி இப்படிச் செய்யவில்லை, உள்ளே இருக்கும் நிரல் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. எண் நடுங்காமல் நிற்பது வாங்குகிறவருக்குப் பிடிக்கும் என்பதால் சின்னச் சின்ன மாற்றங்களை வெறும் நடுக்கம் என்று எண்ணி அமுக்கிவிடுகிறார்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மெதுவான மாற்றத்தை நகர்வு என்று எண்ணித் தானாகப் பூஜ்யத்துக்கே இழுத்துவிடுகிறார்கள். தட்டைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தால் உண்மையான எடை வந்துவிடும். அதனால் தட்டைத் தராசுக்கு வெளியே வைத்துப் பவுடரைச் சேர்ப்பது, பிறகு தராசில் வைத்துப் பார்ப்பது, தேவையானால் மறுபடி எடுத்துச் சேர்ப்பது என்று போக வேண்டும். வேலை மெதுவாகும், வேறு வழி இல்லை. விற்பனைப் பக்கத்தில் இந்தத் தராசை ரீலோடிங்குக்கு உகந்தது என்று போட்டிருந்தார்கள், அதை எழுதியவர் டிரிக்ளரைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

காற்றைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லித்தான் ஆக வேண்டும். மின்விசிறி, ஏசி, திறந்த ஜன்னல், ஏன், நீங்கள் குனிந்து விடுகிற மூச்சே போதும், ஆறு மில்லிகிராம் என்பது அவ்வளவு லேசான விசை. கூட வருகிற மூடியைப் போட்டு அளந்தால் நிற்கிறது, ஆனால் பவுடர் தட்டு பெரிதாக இருந்தால் மூடி உட்காராது. ஒரு பக்கம் மட்டும் திறந்த அட்டைப் பெட்டிக்குள் தராசை வைத்துவிட்டேன், இதற்கு அது போதும். நிலைமின்சாரமும் உண்டு. காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் தட்டும் பிளாஸ்டிக் புனலும் பவுடரை ஒட்ட வைத்துக்கொள்ளும், எடையும் தாறுமாறாக ஆடும். பவுடர் மணிகள் மேல் கிராஃபைட் பூசியிருப்பது இதற்காகவும்தான், ஆனாலும் உலோகத் தட்டுதான் நிம்மதி. கைபேசியைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கூட வந்த காகிதத்தில் போட்டிருக்கிறது. அழைப்பு வரும்போது எண் துள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன், எதற்கு வம்பு, தள்ளி வையுங்கள்.

காலிபிரேஷன், அதாவது எடை தெரிந்த கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்வது, பற்றி அதிகம் பேசப்படாத ஒன்று. ஸ்ட்ரெயின் கேஜ் தராசு அளப்பது விசையை, நிறையை இல்லை. புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது, நிலநடுக்கோட்டில் வினாடிக்கு வினாடி 9.780 மீட்டர், துருவத்தில் 9.832, வித்தியாசம் அரை சதவீதம். தொழிற்சாலையில் சரிசெய்ததை அப்படியே நம்பினால், 20 கிராமில் அந்த அரை சதவீதம் 100 மில்லிகிராம் ஆகிவிடும். யாரும் துருவத்தில் உட்கார்ந்து ரீலோட் செய்யப்போவதில்லை, ஆனாலும் தராசு வந்து சேர்ந்ததும் பயன்படுத்தப்போகிற இடத்தில் ஒருமுறை காலிபிரேட் செய்யாமல் தொடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். பீம் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ஒரு நிறையை இன்னொரு நிறையோடு ஒப்பிடுகிறது, இரண்டு பக்கத்தையும் பூமி ஒரே மாதிரிதான் இழுக்கும்.

காலிபிரேட் செய்வது எதை வைத்து? கூட வந்த 20 கிராம் கல்லை வைத்து என்கிறார்கள். அந்தக் கல்லை நான் தனியாக வாங்கிய எஃப்2 வகைக் கல்லோடு (பிழை குறைந்த தர வகை, கீழே சொல்கிறேன்) ஒப்பிட்டேன், சில மில்லிகிராம் குறைவாக இருந்தது. பெரிய தப்பு இல்லை என்று தோன்றலாம், ஆனால் அந்தக் கல் எந்த வகை, எவ்வளவு பிழை அனுமதி என்று பெட்டியில் ஒரு வரி இல்லையே, அடுத்த பெட்டியில் வருகிற கல் எவ்வளவு குறைவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இந்தத் தராசை வாங்குகிறவர்கள் எடைக்கல்லுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். எந்தத் தராசு வாங்கினாலும் ஒதுக்குங்கள். விலை கூடிய தராசுக்குத் தாவுவதற்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான்.

எடைக்கல்லுக்கு ஓஐஎம்எல் என்கிற சர்வதேச அளவியல் அமைப்பு வகுத்த வகைகள் இருக்கின்றன, இ1, இ2, எஃப்1, எஃப்2, எம்1 என்று மேலிருந்து கீழே போகும். நமக்கு எம்1 போதும். எம்1 வகையில் 1 கிராம் கல்லுக்கு அனுமதித்த பிழை 1 மில்லிகிராம், 500 மில்லிகிராம் கல்லுக்கு 0.8, 200 மில்லிகிராமுக்கு 0.6. எல்லாமே நம் 0.1 கிரெய்னுக்குள் எங்கோ அடங்கிவிடுகிற சங்கதி. எஃப்2 வாங்கினால் 1 கிராமுக்கு 0.3 மில்லிகிராம், கூடுதல் சொகுசு, நான் வாங்கியது கொஞ்சம் ஆசையால்தான். 20 கிராமில் மட்டும் சரிபார்த்துவிட்டு 4 கிரெய்ன் அளக்கப் போகக் கூடாது என்பது முக்கியம். நீங்கள் போடுகிற அளவுக்குப் பக்கத்தில் ஒரு கல் வேண்டும். 200 மில்லிகிராம் 3.09 கிரெய்ன், 500 மில்லிகிராம் 7.72, 1 கிராம் 15.43, 2 கிராம் 30.86, இவற்றைச் சேர்த்துச் சேர்த்து வைத்தால் வேண்டிய இடத்துக்கு ஓரளவு வந்துவிடலாம். கல்லைக் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டும், இடுக்கியால் எடுங்கள். சிலர் ஒரு புல்லட்டையே எடைக்கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எடையை நம்பிச் செய்தால் தப்பு, ஒரே பெட்டிக்குள்ளேயே புல்லட்டுக்குப் புல்லட் எடை கொஞ்சம் மாறும். ஆனால் குறிப்பிட்ட ஒரே ஒரு புல்லட்டில் அடையாளம் போட்டு, அதன் எடையை எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தினால் தாராளமாகச் செய்யலாம்.

அலகுப் பொத்தானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிராம், அவுன்ஸ், காரட், பென்னிவெயிட், கிரெய்ன் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடுக்கியிருக்கிறார்கள், அந்தப் பொத்தான் பூஜ்யப் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, திரையில் அலகின் பெயர் எறும்பு அளவில் ஒரு மூலையில். ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதாவது 3.09 கிரெய்ன். கை தவறிக் காரட்டுக்குப் போய்விட்டால் திரையில் 4.0 என்று வரும்போது தட்டில் இருப்பது 12.3 கிரெய்ன். பென்னிவெயிட் இன்னும் மோசம், ஒன்றுக்கு 24 கிரெய்ன். ரைஃபிளில் இப்படி ஆனால் பவுடர் கேஸை விட்டு வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வயிறு பெரிய கைத்துப்பாக்கிக் கேஸில், குறைந்த இடம் பிடிக்கிற பவுடரில், மூன்று மடங்கு சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துவிடும். நகை எடை பார்ப்பவருக்கு வேண்டிய அலகுகளைத் தோட்டா செய்கிறவர் கையில் கொடுத்தது வடிவமைப்புக் குறை என்றுதான் சொல்வேன். அந்தப் பொத்தானின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். ரீலோடிங்குக்கென்றே செய்த தராசுகளில் கிரெய்னும் கிராமும் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும், அது ஒன்றுக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

இனி ஒப்பீடு. என் மேசையில் முதல் தராசு பீம் தராசுதான். இந்த வகையில் பெயர் பெற்றது ஆர்சிபிஎஸ் 505, அதை வைத்தே சொல்கிறேன். 511 கிரெய்ன் வரை நிறுக்கும், 0.1 கிரெய்ன் நுணுக்கம், அகேட் கல்லில் உட்கார்ந்த கத்தி முனை, ஆட்டத்தை அடக்கக் காந்தம். அந்தக் காந்தம் அழகான வேலை. கோலின் முனையில் இருக்கும் செம்புத் தகடு காந்தங்களுக்கு நடுவில் அசையும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து அசைவை எதிர்க்கிறது, அசைவு நின்றதும் எதிர்ப்பும் நின்றுவிடுகிறது, அதனால் எடையில் கை வைக்காமல் ஆட்டத்தை மட்டும் அடக்குகிறது. பேட்டரி இல்லை, சூடேற வேண்டியது இல்லை, தானாக அணையாது, ஒரு மணி விழுந்தாலும் முள் மெல்ல எழும். டிரிக்ளிங் செய்ய இதைவிட வசதியான மலிவுத் தராசு எனக்குத் தெரியவில்லை. கத்தி முனைக்கு எண்ணெய் போடாதீர்கள், தூசு சேராமல் மூடி வையுங்கள், முள்ளைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் ஒன்று, கீழிருந்து பார்த்தால் ஒன்று என்று காட்டும்.

பீம் தராசு பொய் சொல்லாது என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கும். தராசு சொல்லாமல் இருக்கலாம், நகர்கல்லை (கோலின் பள்ளங்களில் நகர்த்தி வைக்கிற எடை) வைக்கிறவர் சொல்ல முடியும். பெரிய நகர்கல்லை ஒரு பள்ளம் தள்ளி வைத்துவிட்டால் தராசு அந்தத் தப்பான எடையை அவ்வளவு துல்லியமாக, தோட்டாவுக்குத் தோட்டா மாறாமல் தந்துகொண்டே இருக்கும். இங்கேதான் நம்ம மலிவு டிஜிட்டல் உள்ளே வருகிறது. பீமில் அமைத்த முதல் சார்ஜை எடுத்து இதில் வைக்கிறேன், இரண்டும் 0.1 கிரெய்னுக்குள் ஒத்துப்போனால் வேலையைத் தொடர்கிறேன். நடுவில் அவ்வப்போது ஒன்றை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். இரண்டு தராசும் வேலை செய்யும் விதமே வேறு, ஒன்றை ஏமாற்றுவது பெரும்பாலும் இன்னொன்றை ஏமாற்றாது. அந்த வேலைக்கு இதைக் குறை சொல்லவே முடியாது, இரண்டு வினாடியில் எண் வந்துவிடுகிறது.

எடையே பார்க்காமல் கன அளவில் போடுகிற பவுடர் மெஷர் பற்றியும் கேட்பார்கள். உருளைக்குள் ஒரு குழி, திருகினால் குழி ஆழம் மாறும், கைப்பிடியை மேலே கொண்டுபோனால் குழி நிறையும், கீழே கொண்டுவந்தால் கொட்டும். உருண்டைப் பவுடர் இதில் தண்ணீர் மாதிரி ஓடும், சார்ஜுக்குச் சார்ஜ் 0.1 கிரெய்ன் வித்தியாசம்கூட வராமல் போடலாம். தட்டைச் செதில் பவுடர் பரவாயில்லை ரகம். நீளக் குச்சிப் பவுடர்தான் வம்பு, உருளையின் விளிம்பில் குச்சிகள் மாட்டி நறுக்கென்று வெட்டுப்படுவது கைக்கே தெரியும், எடையும் அங்கும் இங்கும் போகும். இன்னும் மோசமானது, குச்சிகள் கீழ்க்குழாயில் குறுக்கே பாலம் கட்டி நின்றுவிடுவது. ஒரு கேஸுக்குப் பாதி விழும், அடுத்த கேஸுக்கு ஒன்றரை விழும். பவுடர் இல்லாமலோ மிகக் குறைவாகவோ போன தோட்டாவில் புல்லட் குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். ஆகவே எந்தத் தராசு, எந்த மெஷர் என்றாலும், புல்லட்டை உட்கார வைப்பதற்கு முன்னால் எல்லாக் கேஸையும் பலகையில் வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்துப் பவுடர் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையை விடவே கூடாது. எண்கள் ஏமாற்றும் இடத்தில் கண் பிடித்துவிடும்.

மெஷரைச் சரிசெய்ய இந்தத் தராசு நன்றாக உதவுகிறது. கொள்கலன் பாதிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், உள்ளே தடுப்புத் தகடு இருக்க வேண்டும், முதல் சில சார்ஜுகளைத் திரும்பக் கொட்டிவிட வேண்டும், பவுடர் அமர்ந்து நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு பத்து சார்ஜை ஒன்றாகத் தட்டில் போட்டு நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி வரும், தராசின் ஓரிரு மில்லிகிராம் ஆட்டம் அதில் காணாமல் போய்விடும். ஆனால் சராசரி மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. ஒன்று கூடி ஒன்று குறைந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும், அதனால் தனித்தனியாகவும் சிலவற்றை நிறுத்துப் பாருங்கள். பெரிய சார்ஜ் போடுகிறவர்கள் தராசு எத்தனை கிராம் வரை தாங்கும் என்பதைக் கவனியுங்கள். நான் வைத்திருப்பது 20 கிராம் தாங்கும், தட்டின் எடையையும் கழித்தால் பத்து ரைஃபிள் சார்ஜ் ஒன்றாகக் கொள்ளாது, இரண்டு மூன்றாகப் பிரித்துத்தான் நிறுக்க வேண்டும்.

விலை ஏணியின் மறு முனையில் ஏ அண்ட் டி நிறுவனத்தின் FX-120i இருக்கிறது, ஆய்வுக்கூடத் தராசு, 122 கிராம் தாங்கும், இதே 0.001 கிராம் காட்டும். அதே மூன்று தசம இடம்தான், ஆனால் அங்கே ஸ்ட்ரெயின் கேஜ் இல்லை, மின்காந்த விசையால் பாரத்தைச் சமன்செய்து அளக்கிறது. அதனால் ஒரு மணி விழுந்தாலும் உடனே தெரியும், தானியங்கி டிரிக்ளர் மாட்டிக்கொள்கிறவர்கள் அதனால்தான் அதைத் தேடிப் போகிறார்கள். சில குச்சிப் பவுடரில் ஒரு குச்சியின் எடையே 0.02 கிரெய்ன் அளவுக்கு வரும், அதுவரைக்கும் அளப்பது நீண்ட தூர இலக்குப் போட்டிக்காரர்களுக்குப் பொருள் தரலாம். மற்றவர்களுக்குக் கேஸுக்குக் கேஸ் உள்ளளவு மாறுவதும், பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கிற சின்ன மூடி) மாறுவதும், புல்லட் உட்காரும் ஆழம் மாறுவதும் அந்த நுணுக்கத்தை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். பவுடரின் ஈரம்கூட மாறும், காற்றோட்டத்தில் திறந்து வைத்தால் எடையும் மாறும், எரிகிற வேகமும் மாறும்.

நடுவில் இருக்கிற தானியங்கி டிஸ்பென்ஸர்கள், அதாவது எண்ணை அழுத்தினால் தானே கொட்டித் தானே நிறுத்துக் காட்டுகிறவை, பெரும்பாலும் 0.1 கிரெய்ன் துல்லியம் சொல்கின்றன, வசதி அதிகம். அதிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே மாதிரி ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய உலோகத் துண்டுதான் (லோட் செல் என்பார்கள்), ஆகவே சூடேற்றுவது, கல்லால் சரிபார்ப்பது, கழித்தல் எண்ணைக் கவனிப்பது எல்லாம் அதற்கும் உண்டு.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில சின்ன விஷயங்கள். பேட்டரி இறங்கும்போது இந்தத் தராசு எச்சரிக்கை காட்டுவதற்கு முன்னாலேயே எண் தடுமாற ஆரம்பிக்கிறது, எடைக்கல் திடீரென்று ஒத்துவராமல் போனால் காலிபிரேஷனில் கை வைக்காமல் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். வேலை முடிந்ததும் மிச்சப் பவுடரை மெஷரிலோ தட்டிலோ விட்டு வைக்காமல் அது வந்த டப்பாவுக்கே திருப்பிவிடுங்கள், மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். தராசை மூடும் அந்தப் பிளாஸ்டிக் மூடியின் கீல் பலவீனம், என்னுடையது உடைந்துவிட்டது, இப்போது தனியாகக் கழற்றி மாட்டுகிறேன், அளவையில் அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.